புதையல் இருக்கும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது! கம்ப்யூட்டரில் கோட்டை வரைகிறவர்கள் படும் பாடு

இரவு 8 மணி. 5 பேர், 5 ஊர்களில், அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருக்கிறார்கள். காதில் ஹெட்போன். திரையில் ஒரு பாழடைந்த கோட்டையின் வரைபடம்.

"கதவைத் திறக்கலாமா?" என்று ஒருவர் கேட்கிறார்.

"எதுக்கு? அந்த மூலையிலே, சுவருக்குப் பின்னாலே பெட்டி இருக்கே! நல்லா தெரியுதே! நேரா அங்கே போவோம்" என்கிறார் இன்னொருவர்.

அவ்வளவுதான். ஆட்டத்தை நடத்துகிறவருக்கு முகம் வெளிறிப் போய்விட்டது. 3 வாரம் கண் விழித்து அவர் அமைத்த ரகசிய அறை அது. மறைக்க மறந்து, படத்தை முழுசாகத் திரையில் போட்டுவிட்டார்!

இன்டர்நெட்டில் கதை ஆட்டம் நடத்துகிறவர்கள் பயப்படும் விபத்து இதுதான். வரைபடம் போடும் புரோகிராம்கள் இன்று டஜன் கணக்கில் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்று தெரியாமல் காசையும் தூக்கத்தையும் தொலைக்கிறவர்கள் ஏராளம்.

இது என்ன ஆட்டம்?

1974-ம் ஆண்டு அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சின்ன ஊரில் இருந்து ஒரு ஆட்டம் வெளிவந்தது. பெயர் "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்". அதாவது நிலவறைகளும் டிராகன்களும். எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற 2 பேர். முதலில் அச்சானது 1,000 பெட்டிதான். விலை 10 டாலர்.

ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு வேஷம் கட்டுவார். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். கதையை நடத்துகிறவருக்கு "மாஸ்டர்" என்று பெயர். (டீக்கடை மாஸ்டர் அல்ல, இவர் கேம் மாஸ்டர்!) வெட்டு விழுந்ததா, தப்பினானா என்பதை 20 முகம் உள்ள பகடை சொல்லும்.

கோட்டைக்குள் எங்கே பூதம், எங்கே பொறி, எங்கே புதையல்? எல்லாம் மாஸ்டர் கையில் உள்ள கட்டம் போட்ட கிராப் தாளில் இருக்கும். அதை ஒரு அட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு, "வலது பக்கம் 30 அடி நடை. முடிவில் இரும்புக் கதவு" என்று வாயால் சொல்லுவார். கேட்கிறவர்களில் ஒருவர் அதை வைத்துத் தனியாக ஒரு படம் வரைந்துகொண்டே வருவார். வழி தப்பினால் அவர் பாடு!

ஆக, வரைபடம் என்பது இந்த ஆட்டத்தில் காட்டுவதற்கு மட்டும் அல்ல. மறைப்பதற்கும்தான். கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு பலர் மறந்தது இதைத்தான்.

மேஜை வேறு, தூரிகை வேறு

புதிதாக வருகிறவர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. படம் வரைவதற்கு ஒரு புரோகிராம். அந்தப் படத்தை விரித்து வைத்து ஆடுவதற்கு வேறு ஒரு புரோகிராம். முதலாவது தூரிகை என்றால், இரண்டாவது மேஜை.

தூரிகையை வாங்கிவிட்டு மேஜையைத் தேடுவது, தாலியை வாங்கிவிட்டுப் பெண் தேடுகிற கதை! முதலில் மேஜையை முடிவு செய்யவேண்டும்.

மேஜைகளில் "ரோல்20" 2012-ல் வந்தது. பிரவுசரில் திறந்தால் போதும். சும்மாவே ஆடலாம். ஆனால் இலவசக் கணக்கில் படம் வைக்க 100 மெகாபைட் இடம்தான். வீரன் கையில் தீப்பந்தம் எவ்வளவு தூரம் வெளிச்சம் தருமோ அவ்வளவு தூரம் மட்டும் அவனுக்குத் தெரியும்படி செய்யும் வசதியும் உண்டு. அதற்குச் சந்தா கட்டவேண்டும்.

"பவுண்டரி" 2020-ல் வெளிவந்தது. இதற்கு மாதச் சந்தா இல்லை. ஒரே தடவை 50 டாலர். அதையும் மாஸ்டர் மட்டும் கட்டினால் போதும். மற்றவர்கள் காசு கொடுக்காமல் பிரவுசர் வழியே வந்துவிடலாம். சுவர், கதவு, விளக்கு எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஆட்டம் நடக்கிற நேரம் முழுக்க மாஸ்டரின் கம்ப்யூட்டரே சர்வராக ஓடவேண்டும். வெளியில் இருந்து ஆட்கள் உள்ளே வர, வீட்டு இன்டர்நெட் பெட்டியில் வழி திறந்துவிடவும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர், வேறு இடத்தில் சர்வர் வாடகைக்கு எடுக்கவேண்டியதுதான்.

"அவுல்பேர் ரோடியோ" என்று ஒன்று உண்டு. எளிமையோ எளிமை. படத்தைப் போடு, காயை வை, ஆடு! மறைக்க வேண்டிய இடத்தில் மாஸ்டரே கையால் "மூடுபனி" வரைந்து மூடிவிடலாம். மாதம் ஒருமுறை கூடுகிற நண்பர்களுக்கு இதற்கு மேல் எதற்கு?

வாடகை வீடா, சொந்த வீடா?

மேஜை முடிவானால் தூரிகை. இங்கேதான் பர்சைப் பதம் பார்க்கிறார்கள்.

"இன்கார்னேட்" பிரவுசரிலேயே ஓடுவது. மலை, காடு, கடல் என்று வண்ணம் வழியும். இலவசமாகத் தொடங்கலாம். நல்ல நல்ல படத்துண்டுகள் எல்லாம் சந்தாக்காரர்களுக்கு. இது வாடகை வீடு. இன்டர்நெட் நின்றால் வேலையும் நிற்கும்.

"ஒண்டர்டிராப்ட்" சுமார் 30 டாலர். "டஞ்சன்டிராப்ட்" சுமார் 20 டாலர். இரண்டும் ஒரே தடவை வாங்கி, சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வது. சொந்த வீடு.

இரண்டையும் ஒன்று என்று நினைத்து மாற்றி வாங்குகிறவர்களும் உண்டு! முன்னது தேசங்களை வரைவதற்கு. எந்த ராஜ்ஜியம் எங்கே, ஆறு எப்படி ஓடுகிறது என்பது போல. பின்னது சண்டை நடக்கும் அறையை வரைவதற்கு. 5 அடிக்கு ஒரு கட்டம், மேஜை நாற்காலி உட்பட.

டஞ்சன்டிராப்டில் ஒரு விசேஷம். படத்தோடு சேர்த்து "இது சுவர், இது கதவு, இது விளக்கு" என்ற விவரத்தையும் ஒரே பைலில் கட்டி அனுப்பலாம். ஏற்றுக்கொள்ளும் மேஜையாக இருந்தால், அங்கே போனதும் சுவர் சுவராகவே நிற்கும். சும்மா படமாக அனுப்பினால் கம்ப்யூட்டருக்கு அது வெறும் வர்ணம். மாஸ்டர் உட்கார்ந்து ஒவ்வொரு சுவர் மேலும் மறுபடி கோடு இழுக்கவேண்டும். 40 அறை உள்ள கோட்டை என்றால் ஒரு சாயங்காலம் போச்சு! ஓவியத்தின் அழகைப் பார்த்து வாங்குகிறவர்கள் கேட்க மறக்கிற கேள்வி இது: "என் மேஜைக்குச் சுவரோடு போகுமா?"

1993-ல் இங்கிலாந்தில் இருந்து வந்த "கேம்பைன் கார்ட்டோகிராபர்" இன்னும் களத்தில் இருக்கிறது. கட்டிடத்துக்குப் பிளான் போடும் புரோகிராமை அடிப்படையாகக் கொண்டது. அளவு பிசகாது. ஆனால் கற்றுக்கொள்வதற்குள் பொறுமை போய்விடும் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அதிகம்.

கையில் காசே இல்லையா? "டஞ்சன் ஸ்கிரால்" இருக்கிறது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் பாணியில், 10 நிமிடத்தில் நிலவறை தயார். "அஸ்கார்" என்பவரின் பெயரில் உள்ள இலவச புரோகிராம், ஒரு தட்டு தட்டினால் மலையும் நதியும் எல்லைக்கோடுமாக ஒரு உலகத்தையே கொட்டும்.

அதுவும் வேண்டாம் என்றால் பென்சில், கிராப் தாள். வரைந்து செல்போனில் படம் எடுத்துப் போட்டால் எந்த மேஜையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

பெரிய படம், பெரிய தொல்லை

படம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ரோல்20-ல் வழக்கமாக ஒரு கட்டத்துக்கு 70 புள்ளி. பவுண்டரியில் 100. நீளத்தில் 40 கட்டம், அகலத்தில் 30 கட்டம் உள்ள களம் என்றால், 70 புள்ளி கணக்கில் 2,800-க்கு 2,100. கட்டத்துக்கு 140 என்று இரண்டு மடங்கு ஆக்கினால் மொத்தப் புள்ளி 4 மடங்காகிவிடும்! பழைய லேப்டாப் வைத்திருக்கும் ஆட்டக்காரர், படம் வந்து சேருவதற்குள் காப்பி போட்டுக் குடித்துவிடுவார். "பி.என்.ஜி."யாக அனுப்பாமல் "வெப்-பி"யாகவோ "ஜேபெக்"காகவோ சேமித்தால் பாரம் நன்றாகக் குறையும். 100 மெகாபைட்டில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது முக்கியம்.

கட்டம் போட்ட படத்தின் மேல் மேஜையும் ஒரு கட்டம் போடும். இரண்டும் பொருந்தாவிட்டால் வீரன் சுவருக்குள் நிற்பான்! வரையும்போதே கட்டம் இல்லாமல் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் இந்த வம்பு இல்லை.

கடை மூடினால்?

பெரிய கம்பெனி என்று நம்பி முழுசாகச் சாய்ந்துவிடுவதும் ஆபத்து. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்சை வெளியிடும் விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் கம்பெனியே 2007-ல் "நாங்களே கம்ப்யூட்டர் மேஜை தருகிறோம்" என்று அறிவித்தது. சோதனை ஆட்டம் வரைக்கும் வந்தது. 2012-ல் மூடிவிட்டார்கள். அதே ஆண்டுதான் ரோல்20 கடை திறந்தது!

அனுபவப்பட்ட மாஸ்டர்கள் அதனால்தான் 2 பிரதி வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று, திருத்தக்கூடிய மூலப் பைல். இன்னொன்று, சாதாரணப் படம். இரண்டும் சொந்தக் கம்ப்யூட்டரில்.

இன்னொரு பழக்கமும் அவர்களிடம் உண்டு. படத்தில் "ரகசிய அறை", "பொறி" என்று எழுதிய பிரதி தனக்கு. எழுதாத பிரதி ஆட்டக்காரர்களுக்கு. ஆட்டத்துக்கு முந்தின நாளே படத்தை ஏற்றிவிடுகிறார்கள். ரோல்20-ல் "ஆட்டக்காரராக நுழை" என்று ஒரு வசதி இருக்கிறது. பவுண்டரியில் வேறு ஒரு பிரவுசரைத் திறந்து ஆட்டக்காரர் பெயரில் நுழையலாம். அப்படி உள்ளே போய், திரையை மூலை மூலையாகப் பார்க்கிறார்கள், சுவருக்குப் பின்னால் அந்தப் பெட்டி தெரிகிறதா என்று.