கேள்வி கலைக்கும் சாட்சி

1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்கள் 150 பேருக்கு ஒரு கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம் இருக்கும்?" என்று 50 பேரிடமும், "மோதியபோது?" என்று இன்னொரு 50 பேரிடமும் கேட்டார்கள். மிச்சப் பேரிடம் வேகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லோருக்கும் ஒரே கேள்வி: "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" 'நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர், 'மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது!

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதைச் சட்டமும் அறியும். சாட்சியை அழைத்த தரப்பே நடத்தும் முதல் விசாரணையில் அப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபிப்பார். ஆனால் சாட்சி கூண்டேறுவதற்குப் பல மாதங்கள் முன்பே காவல் நிலையத்தில் கேள்விகள் முடிந்துவிடுகின்றன. அங்கே ஆட்சேபிக்க யார் இருக்கிறார்கள்?

வட கரோலினாவில் 1984-இல் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு கல்லூரி மாணவி, குற்றவாளியின் முகத்தை நன்றாக மனதில் பதித்துக்கொண்டவர். முதலில் புகைப்படத்திலும் பிறகு அடையாள அணிவகுப்பிலும் ரொனால்ட் காட்டன் என்பவரை அடையாளம் காட்டினார். நீங்கள் காட்டியவர்தான் எங்கள் சந்தேகத்திலும் இருந்தவர் என்கிற தோரணையில் போலீஸார் பேச, தயக்கம் உறுதியாக மாறியது. நீதிமன்றத்தில் ஜூரிகள் பார்த்தது அந்த உறுதியை மட்டும்தான். 1987 மறுவிசாரணையில், உண்மையான குற்றவாளியான பாபி பூலை நேரில் நிறுத்தியும், இவரை நான் பார்த்ததே இல்லை என்றார் அந்த மாணவி. 1995-இல் டி.என்.ஏ. சோதனை உண்மையைச் சொன்னது. காட்டன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். பொய்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை மடக்கிவிடும். தான் சொல்வதை மனதார நம்புகிறவரை அது அசைப்பதில்லை. தடுமாறாத குரல் ஜூரிகளுக்கு ஆதாரம்போலவே தெரிகிறது.

நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 2011-இல், அடையாளச் சாட்சியம் எப்படியெல்லாம் பிசகும் என்பதை நீதிபதி ஜூரிகளுக்கு விளக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சந்தேக நபர் யார் என்று தெரியாத அதிகாரியே அணிவகுப்பை நடத்த வேண்டும் என்ற வழிகாட்டுதல் அங்கே 2001-லேயே வந்துவிட்டது. செலவு அதிகமில்லாத இந்த இரண்டாவது ஏற்பாட்டை எந்த நாட்டுக் காவல்துறையும் நாளைக்கே தொடங்கலாம்.