செய்திப் பொதி வழியறியுமாறு

நாம் அனுப்புஞ் செய்தி சிறு பொதிகளாய்ப் பிரிந்து இணையத்திற் செல்லுகின்றது. இடைநின்று வழிகாட்டும் ரௌட்டர் என்னும் பொறி, அடுத்த படி யாதென்பதொன்றையே தன் அட்டவணையை நோக்கித் துணிகின்றது.

அஃது எங்ஙனமெனிற் கூறுதும். சேரிடத்தின் முகவரிக்கு இசைந்த பதிவுகள் பலவாயின், முகவரியின் முற்பகுதியில் மிகுதியான பிட்டுகள் பொருந்துவதே கொள்ளப்படும். ஜில்லாவைக் குறிக்குங் கைகாட்டியினும் தெருவைக் குறிப்பது சிறந்ததன்றோ? ஒரே பதிவிற்கு வழிகள் பலவாயின், செலவு குறைந்தது கொள்ளப்படும். ரிப் என்னும் முறை இடைப்படும் ரௌட்டர்களை எண்ணி, 15-க்கு மேற்படின் அவ்விடம் எட்டாததெனத் தள்ளும். ஓ.எஸ்.பி.எப். முறையோ, டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட கணக்கினால், இணைப்புகளின் செலவைக் கூட்டி மிகக் குறைந்ததைக் காணும்.

இவ்விதிகள் செவ்வியவேயெனினும், அறிவிப்பு மெய்யோ பொய்யோவென ஆராயா. 2008 பிப்ரவரி 24-இல் பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபைத் தன்னாட்டில் தடுக்கக் கருதி வெளியிட்ட வழியறிவிப்பு அயல்நாடுகளுக்கும் பரவிற்று. யூடியூபின் சொந்த அறிவிப்பு 22 பிட்டுகளளவும் இஃது 24 பிட்டுகளளவும் குறித்தமையால், பல நாட்டு ரௌட்டர்கள் இதனையே மேலெனக் கொண்டன. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அத்தளம் பலர்க்கு எட்டாதொழிந்தது.

ஆதலின் இக்காலத்தார், அறிவிப்போர்க்கு அம்முகவரியில் உரிமையுண்டோவெனக் கையொப்பமிட்ட சான்றினாற் சோதிக்கும் ஆர்.பி.கே.ஐ. முறையைக் கைக்கொண்டு வருகின்றனர். வழி கேட்பார்க்கு, வழி சொல்வாரது தகுதியை அறிதலும் கடனென்பதை நாம் இதனால் உணர்கின்றோம்.