கறுப்புக் கொடி பிறந்த கதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கொடியில்லாத நாடில்லை, கொடியில்லாத கட்சியும் இல்லை. ஆனால், "அரசே வேண்டாம்" என்று சொல்பவர்களுக்குக் கொடி எதற்கு? உலக வரலாற்றில் அப்படிச் சொன்னவர்களும் ஒரு கொடியை ஏந்தினார்கள். அதன் நிறம் கறுப்பு. அக்கொடி எங்கிருந்து வந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'அராஜகம்' என்றால் அடிதடி, குழப்பம் என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் 'அனார்க்கிசம்' என்பது ஓர் அரசியல் கொள்கை. 'ஆள்பவர் இல்லாத நிலை' என்பது அதன் கிரேக்க வேர்ச்சொல்லின் பொருள். மேலிருந்து ஆணையிடும் அரசும், உழைப்பவனை ஆட்டிவைக்கும் முதலாளியும் இல்லாமல், மக்கள் தாமே கூடிப் பேசி ஒத்து வாழ முடியும் என்பது அக்கொள்கையின் சாரம். 1840-இல் வெளியான 'சொத்து என்றால் என்ன?' என்னும் நூலில் தம்மை ஓர் அனார்க்கிஸ்ட் என்று துணிந்து கூறிக்கொண்டவர் புருதோன் என்னும் பிரெஞ்சுக்காரர். அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர் அவர். தமிழில் இதனை அரசின்மைக் கொள்கை எனலாம்.

லியோன் நகர நெசவாளர்கள்

கொள்கைக்குப் பெயர் கிடைக்கும் முன்பே கொடி பிறந்துவிட்டது. பிரான்சில் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் புகழ் பெற்றது. நெசவாளர் வீட்டிலேயே தறி வைத்திருப்பர். வணிகர் நூலைக் கொடுப்பார். நெய்ததற்குக் கூலி தருவார். கூலி வரவரக் குறைந்தது. 1831 அக்டோபரில் அரசு அதிகாரி முன்னிலையில் இரு தரப்பாரும் கூடி, இதற்குக் குறையாமல் கூலி தரவேண்டும் என்று ஒரு கூலிப் பட்டியலை முடிவு செய்தனர். வணிகர் பலர் அதனை ஏற்க மறுத்துவிட்டனர். நவம்பர் 21-ஆம் நாள் க்ருவா ரூஸ் என்ற குன்றுப் பகுதியிலிருந்து நெசவாளர்கள் திரண்டு இறங்கினர். அவர்கள் ஏந்திய கொடி கறுப்பு. உழைத்து வாழ்வோம், அல்லது போராடி மடிவோம் என்பது அவர்களது முழக்கம். படை பின்வாங்கியது, நகரம் சில நாட்கள் நெசவாளர் கையில் இருந்தது. டிசம்பரில் பெரும்படை நகருக்குள் புகுந்தது. கூலிப் பட்டியல் ரத்தாயிற்று.

நான் ஒரு கைத்தறி நெசவாளியின் மகன். இந்தப் பகுதியை நூலகத்தில் படித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சேலைக்கு இவ்வளவு என்று பேசி நூல் கொடுத்தவரே, நெய்து கொண்டுபோய்க் கொடுத்ததும், "இழை விட்டிருக்கிறது, கறை பட்டிருக்கிறது" என்று கூலியைக் குறைத்த நாட்கள் எங்கள் வீட்டில் உண்டு. என் தந்தையார் மறுபேச்சின்றி வாங்கி வருவார். அந்தக் கூலியில்தான் நான் இங்கே படிக்கிறேன். ஆகவே, எங்கோ பிரான்சில் வாழ்ந்த அந்த நெசவாளர்கள் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

ஆசிரியை ஏந்திய கொடி

லியோன் நெசவாளர்கள் அனார்க்கிஸ்டுகள் அல்லர். அக்கொடியை அக்கொள்கையுடன் சேர்த்தவர்களுள் முதன்மையானவர் லூயிஸ் மிஷேல் என்னும் பள்ளி ஆசிரியை. 1871-இல் பாரிஸ் மக்கள் தாமே நகரை ஆண்ட கம்யூன் எழுச்சியில் பங்கு கொண்டு, பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1880-இல் திரும்பியவர். கம்யூனின் கொடி சிவப்பு. ஆனால், 1883 மார்ச் 9-ஆம் நாள் பாரிஸில் வேலையற்றோர் திரண்டபோது அவர் ஏந்தியது கறுப்புக் கொடி. அதுவும் ஒரு கோலில் கட்டிய பழந்துணிதான். பசித்த கூட்டத்தில் சிலர் வழியிலிருந்த ரொட்டிக் கடைகளில் புகுந்தனர். அதற்கு அவருக்கு 6 ஆண்டுச் சிறை விதித்தார்கள். 1886-இல் மன்னிப்பில் விடுதலையானார். கறுப்புக் கொடி வேலைநிறுத்தத்தின் கொடி, பசித்தவர்களின் கொடி என்று அவர் நீதிமன்றத்திலேயே கூறினார்.

கறுப்புக்குப் பின்னர் பல விளக்கங்கள் கூறப்பட்டன. இறந்த தோழர்களுக்கான துக்கம் என்றனர் சிலர். எல்லா நாட்டுக் கொடிகளையும் மறுப்பது என்றனர் சிலர். இயற்பியல் படிப்பவனுக்கு மற்றொன்று தோன்றுகிறது. தன்மேல் விழும் ஒளி அனைத்தையும் உள்வாங்கிக்கொண்டு எதையும் திருப்பி அனுப்பாத பொருளே நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. வாழ்வின் அடிகளையெல்லாம் வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்த நிறம் பொருத்தம்தானே!

இக்கொடியின்மேல் கறையும் உண்டு. 1894-இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோவை ஓர் அனார்க்கிஸ்ட் இளைஞன் கத்தியால் குத்திக் கொன்றான். அது நடந்ததும் அதே லியோன் நகரில்தான்! அத்தகைய செயல்களால் கறுப்புக் கொடியைக் கண்டாலே பலர் அஞ்சினர். ஆனால் அறிவால் மதிக்கப்பட்டவர்களும் அதன் கீழ் இருந்தனர். புவியியல் அறிஞர் குரோபோட்கின் 1921 பிப்ரவரியில் மறைந்தபோது, மாஸ்கோவில் ஆயிரக்கணக்கானோர் கறுப்புக் கொடிகளுடன் பின்சென்றனர். சிறையிலிருந்த அனார்க்கிஸ்டுகள் சிலரும் அன்று ஒருநாள் வெளியே விடப்பட்டனர்.

கறுப்பும் சிவப்பும்

ஸ்பெயினில் 1910-இல் தோன்றிய சி.என்.டி. என்னும் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கொடி குறுக்காக இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி சிவப்பு, மறு பாதி கறுப்பு. சிவப்பு தொழிலாளர் இயக்கத்தையும், கறுப்பு அரசின்மையையும் குறிக்கும். 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பார்சிலோனா நகரின் டிராம் வண்டிகளுக்கே இவ்விரு வண்ணங்களும் பூசப்பட்டன. மெக்ஸிகோவில் இன்றும் வேலைநிறுத்தம் தொடங்கினால் ஆலை வாயிலில் சிவப்பு-கறுப்புக் கொடியைக் கட்டுகிறார்கள். பிற்காலத்தில் இயற்கையைக் காப்போர் கறுப்புடன் பச்சையையும், பெண் விடுதலை வேண்டுவோர் ஊதாவையும் சேர்த்துக்கொண்டனர்.

கறுப்பும் சிவப்பும் என்றதும் நம் மாநிலத்துக் கொடிகள் நினைவுக்கு வரலாம். அவற்றின் வரலாறு வேறு. எனினும் அனார்க்கிசத்துக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1887-இல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியாரின் 'இந்தியா' இதழில் பணியாற்றியவர். பின் ஐரோப்பா சென்றார். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தவர்களுள் ஒருவரானார். அதிலிருந்து விலகி அனார்க்கிஸ்டாகவே வாழ்ந்து, 1954-இல் பம்பாயில் மறைந்தார்.

அரசே வேண்டாம் என்ற கொள்கையை நான் ஏற்கிறேனா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஏற்கவில்லை. இந்த அரசுக் கல்லூரியும் உதவித்தொகையும் இல்லையென்றால் நான் இன்று தறிக்குழியில் கால் வைத்திருப்பேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவன், அரசு வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? ஆனால் லியோன் நெசவாளர்கள் அரசைக் கவிழ்க்கக் கொடி பிடிக்கவில்லை. பேசிய கூலியைக் கேட்டே பிடித்தார்கள். அரசு அதிகாரியின் முன்னிலையில் ஆன ஒப்பந்தத்தை அரசே காக்கத் தவறியது. ஏழையின் பக்கம் நிற்க வேண்டிய நேரத்தில் அரசு நிற்காவிட்டால், அரசு எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு, அரசின் செலவில் படித்து வெளியே போகும் நமக்கும் உண்டு.