பாகாயத்துப் புனர்வாழ்வு நிலையம்

1954-ஆம் ஆண்டில் நிகழ்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இழந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸ், பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சஸ்திர சிகிச்சையைச் செய்துவந்தார் என்பது நம் தேச வைத்திய சரித்திரத்தில் மகத்தான சம்பவம். ஆஸ்திரேலியாவில் சிகிச்சையும் நியூயார்க்கில் பயிற்சியும் பெற்றுத் திரும்பிய அவருடைய முயற்சியால், 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் உதயமாயிற்று.

அங்கே நடப்பது மருந்து கொடுத்து அனுப்பும் காரியமன்று. கால்கள் செயலிழந்தவருக்கு, தோள்களை வலுப்படுத்திக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறவும், காலிப்பர் என்னும் கால்தாங்கியைப் பூட்டி நிற்கவும், படுக்கைப்புண் வராதபடி இடையிடையே உடலைத் தூக்கி அமரவும், சிறுநீர்ப்பையைச் சுத்தமாகப் பராமரிக்கவும் பொறுமையுடன் கற்பிக்கிறார்கள். உடனிருக்கும் உறவினரும் மாணாக்கராகின்றனர். படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும் பிராணனுக்கே அபாயம் விளைவிப்பவை ஆதலால், நடைப் பயிற்சியைக் காட்டிலும், சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பாடங்களையே நான் அத்தியாவசியமாகக் கருதுகிறேன்.

வீடு திரும்பியபின் சட்டத்தின் துணையும் உண்டு. 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணிகளில் அவர்களுக்கு 4 சதவீதத்துக்குக் குறையாத இட ஒதுக்கீட்டை விதிக்கிறது. அதற்குக் குறைபாடு 40 சதவீதமேனும் உண்டெனும் மருத்துவச் சான்றிதழ் அவசியம். உபகரண உதவிகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.