வண்டுக்குப் பின் வந்த வண்டி



பழைய வோக்ஸ்வேகன் காரை நம்மில் பலர் பார்த்திருப்போம். முதுகு வளைந்த அந்தக் காரை மேல்நாட்டார் வண்டு என்றனர். மலாயில் அது 'கூரா', அதாவது ஆமை. அதன் இயந்திரம் பின்புறம் இருந்தது. குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும். 1972 பிப்ரவரியில், அமெரிக்க ஃபோர்டு 'டி' மாடலின் ஒன்றரைக் கோடி என்னும் உற்பத்திச் சாதனையை அது முறியடித்தது.

அந்த வெற்றியே நிறுவனத்துக்கு இடராயிற்று. வண்டையும் அதே அமைப்புள்ள கார்களையுமே அது பெரிதும் நம்பியிருந்தது. வண்டின் இரைச்சலும் சாமான் வைக்க இடமின்மையும் வாங்குவோருக்குச் சலித்துவிட்டன. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974இல் ஏற்பட்ட நட்டம் 80 கோடி மார்க்குக்கும் மேல். ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் நகரமே அந்தத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த ஊர். தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு எழுந்தால் லயத்து வீடுகளில் பரவும் கலக்கத்தை அறிந்த நமக்கு, அவ்வூராரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

அந்நிலையில், 1974 மார்ச்சில் உற்பத்திக்கு வந்ததுதான் கோல்ஃப். இத்தாலியரான ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ அதற்கு நேர்க்கோடுகளால் உருவம் தந்தார். வண்டில் இருந்த எல்லாமே இதில் தலைகீழ். இயந்திரம் முன்னால், குளிர்விப்பது தண்ணீர், இழுப்பதும் முன்சக்கரங்களே.

இயந்திரத்தைக் குறுக்குவாட்டில் பொருத்தியதே இதன் சூட்சுமம். எழுதுகோற் பெட்டிக்குள் அழிப்பானை நீளவாக்கில் வைப்பதற்கும் குறுக்கே வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். மிச்சமான நீளம் ஆட்களுக்குக் கிடைத்தது. பின்சக்கரங்களைச் சுழற்றும் நீண்ட தண்டும் தேவைப்படவில்லை. காரின் நீளம் 3.7 மீட்டர்தான், வண்டைவிட ஏறக்குறைய ஓர் அடி குறைவு. ஆயினும் உள்ளே தாராளம். கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கித் திறக்கும் பின்கதவு ஒன்றும் உண்டு. இவ்வகைக் காரைத்தான் 'ஹேட்ச்பேக்' என்கிறோம். பின்னிருக்கையை மடக்கினால் சிறு லாரி போலவே சாமான் ஏற்றலாம்.

குறையும் இருந்தது. தொடக்க கால வண்டிகள் விரைவில் துருப்பிடித்தன. இருந்தும் 1976 அக்டோபருக்குள் பத்து லட்சம் கார்கள் வெளிவந்துவிட்டன. அதே ஆண்டில் வந்த இரு வகைகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒன்று டீசல் கோல்ஃப். 50 குதிரைத்திறன்தான், ஆனால் சிக்கனம். மற்றொன்று ஜி.டி.ஐ. பொறியாளர் சிலர் முதலில் மேலிடத்துக்குத் தெரியாமலே முயன்று பார்த்த வண்டி அது. 110 குதிரைத்திறன், கட்டம்போட்ட துணி இருக்கை, கோல்ஃப் பந்து போன்ற கியர்க் குமிழ்! ஐயாயிரம் விற்றால் போதும் என்று எண்ணினார்கள். முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. கணக்குப் போடுகிறவர்களும் சில சமயம் தவறுவார்கள் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சிதான்.

வட அமெரிக்காவில் இதற்கு 'ரேபிட்', அதாவது முயல், என்று பெயர். 1978 முதல் பென்சில்வேனியாவிலேயே அதைச் செய்தார்கள். முன்பாதி காராகவும் பின்பாதி சாமான் தட்டாகவும் அமைந்த பிக்கப் வகையும் அங்கே பிறந்தது. 1979இல் பின்னால் தனிப் பெட்டி வைத்து ஜெட்டா வந்தது. அதே ஆண்டில், கூரையை மடக்கும் கேப்ரியோலேயும் வந்தது. கார் கவிழ்ந்தால் காக்க, குறுக்கே ஒரு வளைவு கைப்பிடி போல நின்றதால், ஜெர்மானியர் அதை ஸ்ட்ராபெரிக் கூடை என்று கேலி செய்தார்கள். அந்தக் கூடை 1993 வரை விற்பனையில் இருந்தது.

1983இல் இரண்டாம் தலைமுறை வந்தபோது, முதல் தலைமுறையின் எல்லா வகைகளுமாக 68 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருந்தன. புதியது விலை கூடியதென்பதால் தென்னாப்பிரிக்கர் பழையதை விடவில்லை. அங்கே 'சிட்டி கோல்ஃப்' என்ற பெயரில் 1984 முதல் அதே உடலமைப்போடு தொடர்ந்து செய்தார்கள். கடைசி வண்டி 2009இல் வெளியேறியபோது, ஜெர்மனியில் ஆறாம் தலைமுறை கோல்ஃப் ஓடிக்கொண்டிருந்தது.