முகத்துக்குப் பூசும் முன்

செட்டிநாட்டுக் கண்டரமாணிக்கத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம். முந்தின நாள் மாலை, வளவில் பாய் விரித்துப் பெண்கள் பச்சரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு முப்பது வயது தாண்டியிருக்கும்; இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பேச்சுவாக்கில் ஒரு சிட்டிகை, மறுபடி ஒரு சிட்டிகை என்று முறத்திலிருந்த அரிசியை எடுத்து மென்றுகொண்டே இருந்தாள்.

"அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்டி" என்றார் அப்பத்தா.

"எனக்குத்தான் கல்யாணம் முடிஞ்சு பன்னெண்டு வருசமாச்சே அப்பத்தா."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் கண்ணின் கீழிமை வெளுத்துக் கிடந்தது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகப் பேசினோம். தலை வாரினால் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. கன்னத்தில் மங்கு. முகப்பின் படிகளில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முடிக்கு ஓர் எண்ணெய், மங்குக்கு ஒரு களிம்பு என்று மாதம் எழுநூறு, எண்ணூறு ரூபாய் செலவழித்திருக்கிறாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் சோதித்ததே இல்லை. கல்யாணம் முடிந்த மறுவாரம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.6 இருந்தது.

வாய் கேட்பது அரிசி அல்ல

பச்சரிசி, விபூதி, சாம்பல், செங்கல்பொடி, சிலேட்டுக்குச்சி. இவற்றைத் தின்னவேண்டும் என்ற அடக்கமுடியாத ஆசை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களில் ஒன்று. நம் வீடுகளில் இதைச் சின்ன வயதுப் பழக்கம் என்றோ மசக்கை என்றோ சொல்லி விட்டுவிடுகிறோம். பல பெண்கள் வெட்கப்பட்டு மறைத்தும் வைக்கிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. உடம்பு தனக்குத் தெரிந்த வழியில் கேட்கிறது, அவ்வளவுதான்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11. கர்ப்பமாக இல்லாதவளுக்கு எட்டுக்குக் கீழே போனால் அது கடுமையான இரத்தசோகை. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் அது 55 விழுக்காடு. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டு புள்ளிகூட இறங்கவில்லை. நம் தெருவில் பத்து வீட்டுப் பெண்களை நிற்கவைத்தால் ஐந்து பேருக்காவது இருக்கும் என்று பொருள். எல்லோருக்கும் இருப்பதாலேயே இது நோயாகக் கண்ணில் படுவதில்லை. "பொம்பளைன்னா அலுப்பு இருக்கத்தான் செய்யும்" என்ற பேச்சு அப்படித்தான் வந்தது.

மாதவிலக்கில் போகும் இரத்தம், பிரசவம், பாலூட்டல் என்று பெண்ணுடம்பிலிருந்து இரும்பு போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் ஒரு நாளுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பு, பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. அவளுக்கு ஒன்றரை மடங்கு வேண்டும். வீட்டில் நடப்பதோ தலைகீழ்: கறிக்குழம்பின் அடியில் மிஞ்சியதும் கீரைச்சட்டியை வழித்ததும்தான் அவள் தட்டுக்கு வருகின்றன.

முடி உதிர்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. முடி வேர் உடம்பிலேயே வேகமாக வளரும் இடங்களில் ஒன்று. இரும்பு குறைந்தால் அந்த வேர் சீக்கிரமே தளர்கிறது. தைராய்டு கோளாறு, பி12 குறைவு, காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வு என்று வேறு காரணங்களும் உண்டு. எண்ணெய் மாற்றிப் பார்ப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டியவை இவை.

தட்டில் என்ன இருக்கிறது

செட்டிநாட்டுப் பந்தி என்றால் ஊர் உலகம் பேசும். ஆனால் பந்தி நடப்பது விசேஷ நாளில். மற்ற நாளில் நம் பெண்கள் சாப்பிடுவது வெள்ளைச் சோறு, ஒரு குழம்பு, அப்பளம். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதே எடைக் கம்பில் ஏறக்குறைய 6 மில்லிகிராம், கேழ்வரகில் நாலரை, கொள்ளில் எட்டுக்கு மேல். எள்ளில் 14 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் நாலரை உண்டு. கொல்லையில் மரம் நின்றால் அதற்குக் காசும் இல்லை. வானம் பார்த்த இந்தச் சீமையில் கம்பும் கொள்ளும் எள்ளும் ஒரு காலத்தில் ஏழை வீட்டுச் சாப்பாடு. அதைக் கைவிட்டதை முன்னேற்றம் என்று நாம் நினைத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

பர்மாவுக்குத் தொழில் செய்யப் போன செட்டிநாட்டு நகரத்தார் கொண்டுவந்த கவுனி அரிசியும், உளுந்தும் பயறும் வறுத்து அரைத்துக் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் கும்மாயமும் தீட்டிய அரிசிப் பலகாரத்தைவிடச் சத்து மிகுந்தவை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் என்று ஒதுக்காமல் வாரம் ஒருநாள் செய்யலாம். இனிப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கம்பு, கொள்ளுப் பக்கம் வருவது நல்லது.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரத்தம் ஊற சுவரொட்டி என்று நம் பாட்டிமார் சொன்னது சரியான வார்த்தை. இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரை, தானியத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூடச் சேர்வது கடினம். ஆகவே வீட்டில் சுவரொட்டி வாங்கினால் முதல் துண்டு யார் தட்டில் விழுகிறது என்று பாருங்கள். வயதுக்கு வந்த மகளுக்கும் மருமகளுக்கும் விழவேண்டும். சுவரொட்டியோடு ஈரலும் வாங்கினால், கர்ப்பிணிகள் மட்டும் அந்த ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம். அதிலுள்ள மிகுதியான ஏ வைட்டமின் கருவுக்கு ஆகாது.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. புளிப்புச் சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். கீரைக் கடைசலில் எலுமிச்சை பிழியுங்கள். கொள்ளு ரசத்தோடு ஒரு நெல்லிக்காய் அல்லது கொய்யாத் துண்டு சாப்பிடுங்கள். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இரும்பு இறங்கும். சாப்பிட்ட கை காயுமுன் குடிக்கிற டீயும் காபியும் இதற்கு நேர் எதிரி. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்று நம்பி நிறையப் பணம் போடுகிறோம். நல்ல உணவுதான், ஆனால் இரண்டிலும் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு தேறாது.

மங்குக்குப் பூசிய களிம்பு

வெளிறிய முகத்தை வெள்ளை முகமாக்கக் கடைகளில் ஆயிரம் பொருள் கிடைக்கிறது. 1975இல் நம் நாட்டில் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. நிறத்தின் மீதுள்ள மயக்கம் மாறவில்லை. பெயரும் முகவரியும் ஒட்டாத டப்பாக்களும் செல்போன் வழி விற்கும் களிம்புகளும்தான் இப்போது எனக்குப் பெரிய கவலை.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான வகை இருந்தது. அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். களிம்பில் கலந்திருந்த பாதரசம் தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் சில வாரத்தில் வெளுக்கும். "பூசினா பத்தே நாள்ல தெரியுது" என்று சொல்லப்படும் களிம்பின் மீதுதான் அதிகச் சந்தேகம் வரவேண்டும்.

இன்னொன்று ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவர் எழுதியதை வாங்கி நாமும் பூசுவது ஊரில் சர்வசாதாரணம். முதலில் மங்கு மறையும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, வெயில் பட்டதும் எரிந்து சிவக்கும், முகத்தில் முடி முளைக்கும், நிறுத்தினால் மங்கு இன்னும் கருத்துத் திரும்பும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆக்கியது இதனால்தான்.

மங்குக்கு முதல் மருந்து வெயிலை மறைப்பது. நூறு நாள் வேலைக்கோ கண்மாய்க் கரைக்கோ போகும்போது தலைத்துண்டை நெற்றிக்கும் கன்னத்துக்கும் இறக்கிக் கட்டுங்கள். குளிக்கப் பாசிப்பயறு மாவு போதும். பிறகும் மாறவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆச்சிமார் கணக்கு

நகரத்தார் வீடுகளில் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம். கல்யாணம் ஆன மகனும் மருமகளும் அதே வீட்டில்தான் இருப்பார்கள். அடுப்பு மட்டும் தனி. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு சாமான், இவ்வளவு பணம் என்று பெரியவர்கள் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் நடத்தி மிச்சம் பிடிப்பது மருமகளின் கெட்டிக்காரத்தனம். வட்டிக் கணக்கும் வரவு செலவும் ஆச்சிமார் என்று அழைக்கப்படும் நகரத்தார் பெண்களின் கைக்குள் இருந்த ஊர் இது.

அந்தச் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சிக்கனம் என்று வரும்போது பெண் முதலில் வெட்டுவது தன் சாப்பாட்டையும் தன் வைத்தியத்தையும்தான். கணக்கில் அவளுக்கென்று ஒரு தலைப்பே இருக்காது. அந்தத் தலைப்பை இப்போது எழுதுங்கள். 2023 செப்டம்பர் 15இல் மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை உங்கள் பெயரில் வருகிறது என்றால், அதில் ஒரு பங்கு எள், கொள்ளு, கம்பு, முட்டை, வாரம் ஒரு கட்டு கீரைக்குப் போகட்டும். ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்; அதை விடாமல் வாங்குங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயில்கூடக் கணக்குத் தொடங்கலாம். அது உங்கள் வைத்தியத்துக்கு மட்டும். அந்த உறவுக்காரப் பெண் எண்ணெய்க்கும் களிம்புக்கும் போட்ட பணத்தில் பாதிக்குள் இவ்வளவும் அடங்கிவிட்டது.

மாத்திரையைப் பாதியில் விட்டவர்களுக்கு

எட்டுக்குக் கீழே இறங்கிய இரத்தத்தை உணவால் மட்டும் ஏற்ற முடியாது. இரும்பு மாத்திரை வேண்டும். அளவை மருத்துவர் சொல்வார். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். குமட்டல், மலச்சிக்கல் வந்தால் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம், அல்லது மருத்துவரிடம் மாற்றிக் கேட்கலாம். பால், டீ, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள். ஒரு மாதத்தில் தெம்பு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் நம் பெண்கள் செய்யும் தவறு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும். மாதவிலக்கில் ஏழு நாளுக்கு மேல் போனாலோ கட்டிகட்டியாகப் போனாலோ அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் நீர் ஊற்றிப் பயனில்லை.

நான்கு மாதம் கழித்து அவளுக்கு 11.1 வந்திருக்கிறது. முறத்து அரிசியை வாயில் போடும் எண்ணமே வருவதில்லை என்று போனில் சொன்னாள். இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள்.

நீங்கள் கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தீர்கள்? விரல் நுனியில் ஒரு துளி போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனைக்கும் மாத்திரைக்கும் காசு இல்லை. போகும்போது வயதுக்கு வந்த மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.