உங்களுக்குத் தெரியுமா? மரத்தில் குடியிருக்கும் நண்டு

நன்னீர் நண்டு என்றால் வயல் வரப்பு வளையும் ஓடைக் கல்லிடுக்கும்தான் நினைவுக்கு வரும். கேரளத்தின் தென்பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், ஒரு நண்டு மரத்திலேயே குடித்தனம் நடத்துகிறது! பெரிய மரப் பொந்துகளில் தேங்கும் மழைநீரே அதன் குளம். நீண்டு மெலிந்த கால்கள், கூரிய நுனிகள். பட்டையைப் பற்றிக்கொண்டு சரசரவென ஏறிவிடும். ஆளரவம் கேட்டால் பொந்து நீருக்குள் மறையும். மேலே வரும் காற்றுக்குமிழிகள் காட்டிக்கொடுத்துவிடும். நன்னீர் நண்டுகளின் முட்டையிலிருந்து குட்டி நண்டுகளே நேராக வெளிவருவதால், இனப்பெருக்கத்துக்கும் இது கடலுக்குப் போகத் தேவையில்லை.

ஆய்வாளர்கள் இதற்குப் பெயரிட்டு அறிவித்தது 2017-இல். காணி பழங்குடியினருக்கோ இது முன்பே தெரிந்த நண்டு. அவர்கள் சொல்லித்தான் தேடலே தொடங்கியது; அதனால் அறிவியல் பெயரும் ‘காணி மரஞண்டு’தான்.